ஏதாவது தப்பு செய்திருந்தால்… – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நியூ ஜெர்ஸியில் பதினொரு வருடமாக இருக்கிறேன். மென்பொருள் வேலை. உங்கள் கட்டுரைகளை ரயிலில் போகும்போது படிப்பேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

என் மேலாளர் யூதர். ரொம்பப் பக்திமான் என்று சொல்ல முடியாது. வருடத்தில் மூன்று நான்கு நாள் ஜெபாலயம் போவார், அவ்வளவுதான். போன டிசம்பரில் ஒரு பெரிய கூட்டம். நான் ஆறு மாதம் உட்கார்ந்து செய்த வேலையைத் தன்னுடைய யோசனையாகவே மேலிடத்தில் எடுத்துச் சொன்னார். நானும் அதே அறையில்தான் இருந்தேன். ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்ல ஆரம்பித்ததும், "இருங்கள், நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொல்கிறேன்" என்றார். நான் பேசியதே ஆங்கிலம்தான் சார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன மாதம், யோம் கிப்பூருக்கு (யூதர்களின் பாவமன்னிப்பு நோன்பு நாள்) முந்தின நாள் மதியம், என் மேசைக்கு வந்து நின்றார். "இந்த ஒரு வருடத்தில் உங்களை ஏதாவது விதத்தில் புண்படுத்தியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார். நான் "நோ ப்ராப்ளம்" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது. அவர் அடுத்த மேசைக்குப் போய் அதையே சொன்னார். மறுநாள் விடுப்பு. அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாராம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. "கேட்டாரே, அதுவே பெரிசு, விட்டுத்தள்ளு" என்றார் என் கணவர். நான் ஏகாதசி இருப்பவள், பட்டினியைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் வயிற்றைக் காயப்போட்டு ஒரு வரி சொன்னால் வருடக் கணக்கு முடிந்துவிடுமா? கங்கையில் மூன்று முழுக்குப் போட்டுவிட்டு வந்து பழையபடி மீட்டர் வட்டிக்கு விடுகிறவரின் கதைதானே இது? நான் "நோ ப்ராப்ளம்" சொன்னதால் அவர் கணக்கு நேராகிவிட்டதா? என் கணக்கு என்ன ஆனது?

அன்புடன்,
க.

*

அன்புள்ள க. அவர்களுக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவர் கணக்கு நேராகவில்லை. அவர் பட்டினி கிடந்த அந்த நாளின் சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

யூதச் சட்டங்களின் பழைய தொகுப்பான மிஷ்னா, கி.பி. 200ஐ ஒட்டி உருவானது. அதில் 'யோமா' என்று ஒரு பகுதி. அரமேய மொழியில் 'நாள்' என்று பொருள். பெயர்கூடத் தேவையில்லை, 'நாள்' என்றாலே இந்த நாள்தான். மொத்தம் எட்டு அத்தியாயம். ஏழு அத்தியாயத்துக்கு, ஜெருசலேம் ஆலயத்தில் அன்றைக்குத் தலைமை ஆசாரியர் என்னென்ன செய்வார் என்று விவரம் போகிறது: எத்தனை முறை முழுகுவார், எப்போது பொன்னாடையைக் களைந்து வெள்ளை நூலாடை உடுத்துவார், இரண்டு ஆடுகளுக்கு எப்படிச் சீட்டுப் போடுவார். ஒன்று பலிக்கு. இன்னொன்று, ஊர்ப் பாவத்தைச் சுமந்துகொண்டு வனாந்தரத்துக்குப் போகும் ஆடு. தமிழ் பைபிளில் அதற்குப் 'போக்காடு' என்று ஒரு சொல் இருக்கிறது. யார் போட்டாரோ, பிரமாதமான சொல்.

மிஷ்னாவைத் தொகுத்தபோது அந்த ஆலயம் இல்லை. கி.பி. 70இலேயே ரோமானியர்கள் இடித்துவிட்டார்கள். ஆடும் இல்லை, ஆசாரியரும் இல்லை. மிச்சம் இருந்தது நோன்பும் ஜெபமும்தான். எட்டாவது அத்தியாயம் அதைப் பற்றியது. அதன் கடைசிப் பத்திக்கு வந்தால், உங்கள் கேள்வி அங்கே உட்கார்ந்திருக்கிறது. மனிதனுக்கும் கடவுளுக்கும் நடுவே உள்ள குற்றத்தை யோம் கிப்பூர் தீர்க்கும். மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவே உள்ளதை, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தும்வரை யோம் கிப்பூர் தீர்க்காது. அதே பத்தியில் இன்னொன்றும் உண்டு: 'பாவத்தைச் செய்வோம், யோம் கிப்பூர் பார்த்துக்கொள்ளும்' என்று நினைப்பவனை அந்த நாள் பார்த்துக்கொள்ளாது. உங்கள் மீட்டர் வட்டிக்காரரை அவர்கள் அப்போதே பிடித்துவிட்டார்கள்.

அதனால்தான் அவர் முந்தின நாள் மதியம் உங்கள் மேசைக்கு வந்தார். அவர் வரையில் அது சம்பிரதாயம் மட்டுமாக இருந்திருக்காது. வராமல் போனால் மறுநாள் கிடக்கும் பட்டினிக்கு அர்த்தமில்லை என்று சின்ன வயதிலேயே யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சரி, வந்தார். ஆனால் என்ன சொன்னார்? "ஏதாவது விதத்தில்."

நம் ஊரில் கல்யாணம் முடிந்து சம்பந்தி வீட்டார் கிளம்பும்போது பெண்ணின் அப்பா கைகூப்பிக்கொண்டு சொல்வாரே, "ஏதாவது குறை இருந்தா மனசுல வச்சுக்காதீங்க." அதற்கு யாரும், "ஆமாம், ரெண்டாவது பந்தியில் பாயசம் வரவில்லை" என்று பதில் சொல்வதில்லை. அது கேள்வியே இல்லை, வாசல்வரை வந்து வழியனுப்புவது போல ஒரு மரியாதை. உங்கள் மேலாளர் கேட்டதும் அந்த ரகம். நீங்கள் சொன்ன "நோ ப்ராப்ளம்", நம்முடைய "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க." இரண்டு பேரும் ஒழுங்காக நடந்துகொண்டீர்கள். டிசம்பர் கூட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

யூத உரையாசிரியர்களுக்கும் இந்த ஓட்டை தெரியும். மன்னிப்புக் கேட்பவர், தான் செய்தது இன்னது என்று எடுத்துச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு விலக்கு: சொன்னால் பாதிக்கப்பட்டவர் இன்னும் கூசிப்போவார் என்றால் சொல்ல வேண்டாம்.

இந்த முந்தின நாள் விவகாரம் எவ்வளவு விபரீதமாகலாம் என்பதற்கு, மிஷ்னாவை ஒட்டி எழுந்த விவாதங்களின் தொகுப்பான தால்முத்தில் ஒரு கதை உண்டு. மூன்றாம் நூற்றாண்டு, பாபிலோன். ரவ் என்று ஒரு பேரறிஞர். அப்பா என்பது அவருடைய இயற்பெயர். (நம் காதுக்கு விநோதமாகத்தான் இருக்கும்.) அவருக்கு ஒரு கசாப்புக்காரர் தீங்கு செய்துவிட்டார். யோம் கிப்பூருக்கு முந்தின நாள் வந்தது. கசாப்புக்காரர் வரவில்லை. "சரி, நானே போய் அவனைச் சமாதானப்படுத்துகிறேன்" என்று ரவ் கிளம்பிவிட்டார். கவனியுங்கள், பாதிக்கப்பட்டவர் கிளம்புகிறார். வழியில் அவர் மாணவர் ஹூனா பார்த்துவிட்டு எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். இன்னாரைச் சமாதானப்படுத்த என்றார் ரவ். ஹூனா மனசுக்குள் சொல்லிக்கொண்டது இது: "அப்பா ஒரு ஆளைக் கொல்லப் போகிறார்."

கசாப்புக்காரர் உட்கார்ந்து ஒரு விலங்கின் தலையை வெட்டிக்கொண்டிருந்தார். ரவ் போய் எதிரே நின்றார். அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். "ஓ, அப்பாவா? போ, உனக்கும் எனக்கும் பேச்சில்லை." சொல்லிக்கொண்டே கத்தியை ஓங்கிப் போட்டார். ஒரு எலும்பு தெறித்துத் தொண்டையில் பாய்ந்தது. ஆள் அங்கேயே செத்தார்.

கதை அவ்வளவுதான். விளக்கம் எதுவும் கிடையாது. பெரியவரை அவமதித்ததற்குத் தண்டனை என்று படிக்கலாம். நான் வெகுநாள் அப்படித்தான் படித்தேன். இப்போது எனக்கு ஹூனாவின் முணுமுணுப்புத்தான் முக்கியமாகப் படுகிறது. தயாராக இல்லாத ஒருவர் முன், அவர் கையில் கத்தியும் வேலையுமாக இருக்கும் நேரத்தில், 'நான் பெருந்தன்மையோடு வந்திருக்கிறேன்' என்று போய் நிற்பதிலும் ஒரு வன்முறை இருக்கிறது. ரவ் தனக்காகப் போனாரா, அந்த ஆளுக்காகப் போனாரா? உங்கள் மேசைக்கு வந்தவர் யாருக்காக வந்தார்?

இதே ரவ், பாலஸ்தீனத்தில் படித்த காலத்தில், ஒரு தடவை மறுபக்கத்தில் நின்றிருக்கிறார். குருவின் முன்னால் பாடம் வாசித்துக்கொண்டிருந்தார். பெரியவர் ஒருவர் உள்ளே வந்தார். மரியாதைக்கு ரவ் ஆரம்பத்திலிருந்து திரும்ப வாசித்தார். இன்னொருவர் வந்தார். மறுபடி ஆரம்பத்திலிருந்து. இன்னும் ஒருவர், இன்னும் ஒரு தரம். நான்காவதாக வந்தவர் ஹனினா. "எத்தனை தடவைதான் திரும்பப் போவது!" என்று ரவ் சலித்துக்கொண்டு அப்படியே தொடர்ந்துவிட்டார். ஹனினாவுக்குக் கோபம். ரவ் பதின்மூன்று வருடம், ஒவ்வொரு யோம் கிப்பூருக்கும் முந்தின நாள், அவர் வாசலில் போய் நின்றார். பதின்மூன்று தடவையும் ஹனினா மன்னிக்கவில்லை. மன்னிக்காமல் இருக்கலாமா என்று தால்முத்தே கேட்டுவிட்டுக் காரணமும் சொல்கிறது. ரவ் ஒரு பேரீச்ச மரத்தில் தொங்குவதாக ஹனினா கனவு கண்டிருந்தார். அப்படிக் கனவில் வந்தவர் தலைவராவார் என்பது அவர்கள் நம்பிக்கை. தலைமைப் பீடத்தில் அப்போது இருந்தவர் ஹனினா. இவர் மனம் சலித்துப் பாபிலோனுக்குப் போய்விடட்டும் என்றுதான் இழுத்தடித்தாராம். அலுவலக அரசியல் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் இதையெல்லாம் ஒழுங்குபடுத்தி எழுதினார். அவர் மருத்துவரும்கூட. எழுத்தில் அந்தச் சுத்தம் இருக்கும். பொருள் நஷ்டம் என்றால் பணத்தைத் திருப்பிக் கொடு. கொடுத்தாலும் போதாது, ஆளைச் சமாதானப்படுத்து. அவர் மசியவில்லை என்றால் அவருடைய நண்பர்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போ. இரண்டாம் முறை, மூன்றாம் முறை. அதற்கு மேலும் மசியவில்லை என்றால் விட்டுவிடு, இனி குற்றம் மன்னிக்காதவருடையது. உங்கள் கணவர் சொன்னதற்கு இதில் கொஞ்சம் ஆதரவு இருக்கிறது. ஆனால் 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கவ் நகரத்து ரபி (யூத மதகுரு) மோசே இஸ்ஸெர்லெஸ் ஒரு விலக்குச் சேர்த்தார்: அவதூறு சொல்லிப் பெயரைக் கெடுத்தவனை மன்னிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சொல் எங்கெங்கே போய்ச் சேர்ந்ததோ, அங்கிருந்து யார் திரும்பக் கொண்டுவருவது?

பலர் முன் ஒருவர் முகத்தை வெளுக்கச் செய்தவன் ரத்தம் சிந்தியவனுக்குச் சமம் என்றும் தால்முத்தில் உண்டு. ஒரு ரபி அதற்குச் சாட்சி சொல்கிறார்: பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகத்தில் சிவப்பு போய் வெள்ளை வருகிறதே! நாம் "முகம் செத்துப்போச்சு" என்கிறோம். அந்த அறையில் சிரித்தவர்களோடு நீங்களும் சிரித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு எதுவும் படிக்கவில்லை.

சரி, பட்டினிக்கு வருவோம். யூதர்களின் வேதமான தோராவில் 'பட்டினி' என்ற சொல்லே இந்த நாளுக்கு வரவில்லை. தமிழ் பைபிள் 'ஆத்துமாக்களைத் தாழ்மைப்படுத்தி' என்கிறது. தாழ்மைப்படுத்துவது எப்படி என்று பின்னால் வந்தவர்கள் ஐந்தாகப் பிரித்தார்கள். சாப்பாடு தண்ணீர் இல்லை, குளியல் இல்லை, எண்ணெய் பூசுவதில்லை, தோல் செருப்பு இல்லை, தாம்பத்தியம் இல்லை. யூத நாட்காட்டியில் திஷ்ரி மாதம் பத்தாம் தேதி, முந்தின நாள் பொழுது சாய்வதிலிருந்து மறுநாள் இருட்டும்வரை, ஏறக்குறைய 25 மணி நேரம். உங்கள் ஏகாதசியை விட ஒரு விஷயத்தில் கறார் அதிகம், பழமும் பாலும் கிடையாது. இன்னொரு விஷயத்தில் தளர்வு அதிகம். முந்தின நாள் வயிறாரச் சாப்பிடுவதும் கடமை. நோயாளி "எனக்குச் சாப்பாடு வேண்டும்" என்றால், நூறு மருத்துவர்கள் வேண்டாம் என்றாலும் நோயாளி சொல்வதைத்தான் கேட்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் சாப்பிடுவதுதான் அன்றைக்குச் சட்டம். 1848இல் வில்னா நகரத்தில் காலரா. இஸ்ரேல் சாலன்டர் என்ற ரபி, யோம் கிப்பூர் அன்று நோன்பு இருக்க வேண்டாம் என்று ஊருக்குச் சொன்னார். தானே ஜெபாலயத்தில் எல்லோர் முன்னும் நின்று சாப்பிட்டுக் காட்டினார் என்றும் சொல்வார்கள்.

இந்தியாவில் இந்த நாளுக்கு இருந்த பெயர் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. கொங்கணக் கரையில் பெனெ இஸ்ரேல் என்னும் மராத்தி பேசும் யூதர்கள், மற்ற யூதர்களோடு தொடர்பே இல்லாமல் பல நூற்றாண்டு வாழ்ந்தார்கள். எண்ணெய் ஆட்டுவது தொழில். எபிரேயம் மறந்துபோனது, புத்தகங்கள் இல்லை. ஆனாலும் அந்த நாள் வந்தால் வெள்ளை உடுத்திக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள், வெளி ஆட்களோடு பேச்சுவார்த்தை இல்லை. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'தர்ஃபால்னிச்சா சண்', கதவடைக்கும் பண்டிகை. மறுநாள் 'ஷிளா சண்', அதாவது பழையதுப் பண்டிகை. ஏழைகளுக்குக் கொடுப்பது, தெரிந்தவர்களைப் போய்ப் பார்ப்பது. இறையியல் முழுக்கக் கழன்று போனபிறகும் ஒரு கதவும் மறுநாள் ஒரு பழையசோறும் மிஞ்சியிருக்கிறது பாருங்கள்.

இஸ்ரேலில் இப்போது ஒரு நாடே கதவடைக்கிறது. விமானம் இல்லை, தொலைக்காட்சி இல்லை. காலியான நெடுஞ்சாலைகளில் குழந்தைகள் சைக்கிள் விடுகிறார்கள். 1973 அக்டோபர் 6ஆம் தேதி மதியம் எகிப்தும் சிரியாவும் தாக்குதல் தொடங்கியது இந்த நாளில்தான். அது வேறு கதை, பெரிய கதை.

நான் நேரில் பார்த்த ஒரு யோம் கிப்பூர் உங்கள் ஊர்ப்பக்கம்தான். சில வருடம் முன்பு மகள் வீட்டில் இருந்தபோது, எண்பது வயது தாண்டிய அடுத்த வீட்டுக்காரர் என்னைச் சாயங்கால ஜெபத்துக்குக் கூப்பிட்டார். வழக்கம்போலப் பேனாவும் சின்ன நோட்டும் சட்டைப்பையில் வைத்தேன். "எழுதக் கூடாதாம்ப்பா, வச்சிட்டுப் போங்க" என்றாள் மகள். நடந்தே போனோம், வண்டி ஓட்டவும் கூடாது. உள்ளே ஆண்கள் பலர் நீளமான வெள்ளை அங்கியில் இருந்தார்கள். கடைசியில் அதை உடுத்திவிட்டுத்தான் புதைப்பார்களாம். மேலே சவக்கோடி, காலில் தோல் கூடாது என்பதால் கலர் கலராக ரப்பர் செருப்பு. பக்கத்தில் இருந்தவருடையது பச்சைக் க்ராக்ஸ்.

மணி நான்கு இருக்கும். காலையிலிருந்து நின்றும் உட்கார்ந்தும் எல்லோருக்கும் கண் சொருகுகிற நேரம். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு சின்ன வெள்ளி டப்பி கைமாறி வந்தது. மூக்குப்பொடி! சாப்பிடுவதும் குடிப்பதும்தான் தடை, முகர்வதற்குத் தடை இல்லை. அடுத்த வீட்டுக்காரர் ஒரு சிட்டிகை எடுத்து இழுத்துவிட்டு, கண்ணில் நீர் முட்ட, டப்பியை என்னிடம் நீட்டினார். எங்கள் தாத்தா இறந்து ஐம்பது வருடம் ஆயிற்று. அந்த நெடியில் அவர் வேட்டி நுனி, திண்ணை, எல்லாம் வந்து போயின. அடுத்தடுத்து மூன்று தும்மல். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு எல்லோரும் எழுந்து குற்ற அறிக்கை சொன்னார்கள். ஒரு நாளில் பத்துத் தடவை சொல்வது வழக்கம். எபிரேய எழுத்து வரிசையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குற்றம், ஒவ்வொன்றுக்கும் முஷ்டியால் நெஞ்சில் ஒரு மெல்லிய தட்டு. பட்டியலில் வாயால் செய்கிற குற்றங்கள் ஏராளம். கேலியும் கோளும் பெயர் சொல்லியே வருகின்றன. எல்லாம் பன்மையில். 'குற்றம் செய்தோம், துரோகம் செய்தோம்.' எபிரேயத்தில் 'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாடு கிடையாது. தமிழில் சொல்வதானால் கடவுளைப் பார்த்து 'நாங்கள்' என்று சொல்ல வேண்டும். ஆனால் பக்கத்தில் நிற்பவரைக் கணக்கில் வைத்தால் அது 'நாம்'. கொலை செய்யாதவரும் திருடாதவரும் சேர்ந்து சொல்கிறார்கள். யாரும் தனியே கூனிக்குறுக வேண்டியதில்லை என்பது இதில் உள்ள கருணை. கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளவும் இது வசதி. உங்கள் மேலாளரும் மறுநாள் கேலிக்காகப் பத்துத் தடவை நெஞ்சில் தட்டியிருப்பார். டிசம்பர் ஞாபகம் வந்ததா என்பது அவருக்கே வெளிச்சம்.

அன்று மாலை பைபிளில் வரும் யோனாவின் கதையை முழுக்க வாசிப்பார்கள். நினிவே நகரத்தை எச்சரிக்கக் கடவுள் அனுப்பியும் போகாமல் ஓடிப் பார்த்த தீர்க்கதரிசி அவர். நமக்கு மீன் வயிறுதான் ஞாபகம் இருக்கும். அதை விடச் சுவாரசியம் கடைசிப் பகுதி. நினிவே நகரம் மனம் திருந்துகிறது, கடவுள் மன்னித்துவிடுகிறார், யோனாவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வருகிறது. இப்படித்தான் நடக்கும் என்று தெரிந்துதான் ஓடினேன் என்று கடவுளிடமே சண்டை. ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்துகொள்கிறார். ஒரு ஆமணக்குச் செடி நிழல் தருகிறது, மறுநாள் ஒரு பூச்சி அதை அரித்துவிடுகிறது. செடிக்காக அழுகிறாயே, வலது கை இடது கை தெரியாத லட்சத்து இருபதினாயிரம் பேரும் இத்தனை ஆடுமாடும் இருக்கிற ஊருக்காக நான் பரிதாபப்படக் கூடாதா என்று கடவுள் கேட்கிறார். கதை அந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னார் என்று இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டிய நாளில், 'அவனையா மன்னிப்பது' என்று கொதிக்கும் ஒருவருக்கும் இடம் போட்டுவைத்திருக்கிறார்கள். அன்று இரவு நீங்கள் தூங்காமல் கிடந்தது அந்த ஆமணக்கு நிழலில்தான்.

கடைசி ஜெபத்துக்கு நெஇலா என்று பெயர். 'வாசல் அடைப்பு' என்று பொருள். அது முடிந்து கொம்பு ஊதியவுடன், சாதாரண நாளின் இரவு ஜெபம் ஒன்று இருக்கிறது. அதில் எப்போதும்போல 'எங்களை மன்னியும்' என்று ஒரு வரி. எல்லோரும் வீட்டுச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு கடகடவென்று சொல்லி முடித்தார்கள். "இப்போதுதானே எல்லாம் கழுவியாயிற்று, அதற்குள் என்ன பாவம்?" என்று வரும் வழியில் கேட்டேன். "இந்த ஜெபத்தை இவ்வளவு வேகமாகச் சொன்னோமே, அதற்கு" என்றார் பெரியவர். பழைய ஜோக்காம்.

இனி உங்கள் கணக்கு. மனதுக்குள் பகை வைத்துக்கொண்டு பேசாமல் இருக்காதே, போய் 'எனக்கு ஏன் இப்படிச் செய்தாய்' என்று கேள் என்பது பாதிக்கப்பட்டவருக்கு மைமோனிடிஸ் சொல்லும் விதி. கேட்காமலே மனதார விட்டுவிட முடிந்தால் அதுவும் உத்தமம்தான். முடியாது என்று உங்கள் கடிதம் சொல்கிறது. அதனால் ஒரு நாள், இதற்கு அடுத்த யோம் கிப்பூர்வரை காத்திருக்காமல், "அன்றைக்கு நோ ப்ராப்ளம் என்றேன். ஒரு ப்ராப்ளம் இருந்தது. டிசம்பர் கூட்டம்" என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே குறுஞ்செய்தியை அனுப்பிவிட்டுப் போகாமல் மேசை மேசையாக நடந்து வந்த ஆள். காதில் விழ வாய்ப்பு இருக்கிறது. வேலை, விசா நிலவரமெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். சொல்ல முடியாத நிலை என்றால் சொல்ல வேண்டாம். அவரைத் தேடிப்போய் லேசாக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

அவர் பக்கத்தை நான் இவ்வளவு நிச்சயமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1994இல் ஒரு சிறுபத்திரிகையில் என் நண்பரின் முதல் கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். இரண்டு பக்கமும் கேலி. அவர் அதற்குப் பிறகு தொகுப்பு எதுவும் போடவில்லை. பேச்சு நிற்கவில்லை, கும்பகோணத்தில் வாரம் இரண்டு நாளாவது சேர்ந்து டீ குடித்தோம். பல வருடம் கழித்து ஒரு நாள் டீக்கடையில், "எப்பவாவது ஏதாவது தப்பா எழுதியிருந்தா மனசுல வச்சுக்காதப்பா" என்றேன். அவர் கிளாஸை ஆட்டி அடியில் இருந்த சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே, "பரவாயில்லைடா" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. 2011இல் போய்விட்டார்.

மன்னிப்புக் கேட்பதற்குள் ஆள் இறந்துவிட்டால் என்ன செய்வது என்றும் மைமோனிடிஸ் எழுதியிருக்கிறார். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய், அவர்கள் காதில் விழ, இவருக்கு நான் இன்னது செய்தேன் என்று சொல்ல வேண்டும். என் நண்பருக்குக் கல்லறை இல்லை. அஸ்தியைக் காவிரியில் கரைத்தபோது நான் படித்துறையில் நின்றுகொண்டிருந்தேன். பத்துப் பேர் பிரச்சினை இல்லை, இதைப் படிப்பவர்கள் அதற்கு மேல் இருப்பார்கள். அதனால் இங்கே சொல்கிறேன்: அந்தத் தொகுப்பில் மூன்று நல்ல கவிதைகள் இருந்தன. எழுதும்போதே எனக்குத் தெரியும். அவற்றைப் பற்றி ஒரு சொல்கூட எழுதாமல், பலவீனமான இரண்டை எடுத்துவைத்துக்கொண்டு சிரிப்புக் காட்டினேன். அந்தக் காலத்தில் அதுதான் எடுபட்டது. அந்த மதிப்புரையை என் கட்டுரைத் தொகுப்பு எதிலும் சேர்க்காமல் விட்டதை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் மகன் திருச்சியில் இருக்கிறார். இந்த வாரம் கூப்பிட்டுப் பேச வேண்டும். புத்தகம் ஒரு பிரதி அவரிடமாவது இருக்கும். என்னிடம் இருந்ததை எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டேன்.